சர்ஃபேஸ் ஏன் சாலிட் ஆக மறுக்கிறது? வாசகர் கேள்வி பதில்

முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்களில் சர்ஃபேஸ் மாடலை (தடிமனே இல்லாத, வெறும் பரப்புகளால் ஆன உரு) சாலிட் (முழுதும் மூடி, உள்ளே நிரம்பிய உரு) ஆக்குவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். மென்பொருள் வேறு வேறாக இருந்தாலும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். அதனால் மற்றவர் கேள்விக்கான பதிலையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒரு பிளாஸ்டிக் கவரை ஐஜிஇஎஸ் ஃபைலாக அனுப்பியிருக்கிறார். சாலிட்வொர்க்ஸில் திறந்தால் இருநூறுக்கு மேல் தனித்தனி சர்ஃபேஸ்களாக வருகிறது. எங்கும் ஓட்டை தெரியவில்லை. நிட் சர்ஃபேஸில் (பரப்புகளைத் தைத்து ஒன்றாக்கும் கட்டளை) ‘கிரியேட் சாலிட்’ கொடுத்தும் சர்ஃபேஸாகவே நிற்கிறது. எடை பார்க்க முடியவில்லை, கட் போட முடியவில்லை. என்ன வழி?
– டூல் டிசைனர், ஓசூர்

பதில்: ஓட்டை தெரியவில்லை என்பதை ஆதாரமாக வைக்காதீர்கள். திரையில் வருவது, பரப்பைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்து வரைந்த படம் மட்டுமே. 0.02 மி.மீ. இடைவெளி அதில் கண்ணில் படாது. மென்பொருள் படத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு விளிம்பையும் சரியாக இரண்டு பரப்புகள் பகிர்ந்துகொள்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. விளிம்பில் ஒரே பரப்பு இருந்தால் அது திறந்த விளிம்பு. மூன்று பரப்புகள் வந்து சேர்ந்தால், எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று அதனால் தீர்மானிக்க முடியாது. இருநூறு பரப்புகளில் ஒரே ஒரு விளிம்பு பிசகினாலும் சாலிட் கிடைக்காது.

ஐஜிஇஎஸ் 1980இல் வந்த ஃபைல் வடிவம். பெரும்பாலும் அதில் ஒவ்வொரு பரப்பும் தனியாக, 144ஆம் எண் வகையான டிரிம்டு சர்ஃபேஸாக (எல்லைக்கோட்டால் வெட்டிய பரப்பாக) எழுதப்படும். எந்தப் பரப்பு எதனோடு ஒட்டியிருந்தது என்ற தகவல் அங்கேயே தொலைந்துவிடுகிறது. சாலிடை சாலிடாகவே எழுத 186ஆம் எண் வகை இருக்கிறது, ஆனால் அதைத் தேர்ந்தெடுத்து அனுப்புபவர்கள் குறைவு. எனவே முதல் வேலை, அதே பார்ட்டை ஸ்டெப் அல்லது பாராசாலிட் ஃபைலாகக் கேட்பது. அனுப்புபவரிடம் என்எக்ஸ் அல்லது சாலிட் எட்ஜ் இருந்தால் பாராசாலிட்தான் நல்லது. அவையும் சாலிட்வொர்க்ஸும் ஒரே பாராசாலிட் கெர்னலில் (வடிவக் கணக்குகளைச் செய்யும் உள் நிரலில்) ஓடுவதால் இடையில் மொழிமாற்றமே கிடையாது.

ஸ்டெப் ஃபைல் வந்தால், திறக்கும் முன் நோட்பேடில் போட்டு ‘மேனிஃபோல்ட் சாலிட் பிரெப்’ என்ற சொற்களைத் தேடுங்கள். ஃபைலில் அவை ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடையே அடிக்கோடு இட்டு இருக்கும். அது இருந்தால் உள்ளே சாலிட் இருக்கிறது. ‘ஓப்பன் ஷெல்’ (மூடாத ஓடு) மட்டுமே அகப்பட்டால் அனுப்பியவரிடமே அது சாலிடாக இல்லை. அப்போது எந்த ஃபைல் வடிவத்துக்கு மாற்றியும் பயனில்லை, மூலத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

வேறு ஃபைல் கிடைக்காது என்றால் ஐஜிஇஎஸ்ஸையே சீர்செய்யலாம். திறந்தவுடன் பார்ட்டின் அளவை அளந்து பாருங்கள். 120 மி.மீ. கவர் 3048 மி.மீ. என்று காட்டினால் அங்குலம், மில்லிமீட்டர் குழப்பம். அதை முதலில் தீர்க்காமல் டாலரன்ஸ் (எவ்வளவு இடைவெளியைப் பொறுத்துக்கொள்வது என்ற அளவு) பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. பிறகு, வேறு எந்த ஃபீச்சரும் சேர்க்கும் முன், இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டுங்கள். கெட்ட பரப்புகளும் இடைவெளிகளும் தனித்தனிப் பட்டியலாக வரும். பரப்புகளை முதலில் சரிசெய்யுங்கள். பாதி இடைவெளிகள் கெட்ட பரப்பால்தான் உண்டாகின்றன, அது சரியானால் அவையும் மறைந்துவிடும்.

அடம்பிடிக்கும் பரப்பை உடனே அழித்துவிட்டு ஃபில்டு சர்ஃபேஸ் போட்டு அடைப்பது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அதற்கு முன் அன்டிரிம் செய்து (வெட்டிய எல்லையை நீக்கி) பாருங்கள். பல நேரம் பரப்பு நன்றாகவே இருக்கும், அதை வெட்டிய எல்லைக்கோடுதான் கெட்டிருக்கும். அன்டிரிம் செய்து, 2 மி.மீ. நீட்டி, பக்கத்துப் பரப்புகளைக் கொண்டு மறுபடி டிரிம் செய்தால் மூல வடிவம் மாறாமல் விளிம்பு பொருந்திவிடும். ஃபில்டு சர்ஃபேஸ் என்பது மென்பொருளின் ஊகம். பளபளப்பாகத் தெரியும் வெளிப்பக்கத்தில் அதைப் போட்டால் ஸீப்ரா கோடுகளில் (பரப்பின் வழவழப்பைச் சோதிக்கும் வரிக்கோட்டுப் படத்தில்) உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குப் பிறகும் மூடவில்லை என்றால், ஒரே பரப்பு இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மறைத்தால் அடியில் அதே பரப்பு மறுபடி தெரியும். ஒன்றை அழித்துவிடுங்கள்.

கடைசியாகத்தான் நிட். அதிலுள்ள கேப் கன்ட்ரோலை (இடைவெளிப் பட்டியலை) திறந்தால் ஒவ்வொரு இடைவெளியும் அளவோடு வரும். மோல்டு (பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு) வேலைக்கு எங்கள் அளவுகோல் இது: 0.005 மி.மீ.க்குள் இருந்தால் டிக் செய்து மூடிவிடலாம். 0.05 மி.மீ. என்றால் அந்த விளிம்பைத் திரும்பச் செய்ய வேண்டும். 0.3 மி.மீ. என்றால் அந்தப் பரப்பே தவறு.

சாலிட் ஆனதும் செக் கட்டளையை ஓட்டிவிடுங்கள். செக்‌ஷன் வியூவில் வெட்டுமுகம் நிரம்பித் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: நிட் டாலரன்ஸை 0.1 மி.மீ. ஆக்கினேன், சாலிட் ஆகிவிட்டது. இதில் தவறு உண்டா?
– அதே ஊரிலிருந்து இன்னொரு வாசகர்

பதில்: எதற்காகச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. எடை கணக்கிடவோ, 0.2 மி.மீ. அடுக்கில் மாதிரி அச்சிடவோ என்றால் தவறில்லை. கேவிட்டி (மோல்டில் பார்ட்டுக்கு வெளிவடிவம் தரும் குழி) வெட்டுவதற்கு என்றால் தவறு.

டாலரன்ஸைக் கூட்டுவதால் பரப்புகள் நகர்ந்து ஒட்டிக்கொள்வதில்லை. இடைவெளி அங்கேயே இருக்கும். ‘இந்த விளிம்பு 0.1 மி.மீ. தடித்தது’ என்று குறித்துக்கொண்டு மென்பொருள் அதை மூடியதாக ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். பாராசாலிட் வழக்கமாக வேலை செய்யும் துல்லியம் 0.00001 மி.மீ. அதைவிடப் பத்தாயிரம் மடங்கு தளர்ந்த விளிம்பின்மேல் பிறகு ஃபில்லெட் போடும்போது (விளிம்பை வளைவாக்கும்போது), ஷெல் செய்யும்போது (உள்ளே குடைந்து சுவராக்கும்போது), கோர்–கேவிட்டி (மோல்டின் உள், வெளிப் பாதிகள்) பிரிக்கும்போது பிழை வரும். அப்போது காரணம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கேமில் (இயந்திரம் வெட்டும் வழியைக் கணக்கிடும் மென்பொருளில்) டூல்பாத் அந்த இடத்தில் சிறு குதிப்பாக வரும், அது அப்படியே ஸ்டீலில் பதியும்.

இடைவெளியே இல்லாத மாடல் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு பைக்யூபிக் (இரு திசையிலும் மூன்றாம் படி) பரப்புகள் வெட்டிக்கொள்ளும் கோட்டைச் சரியான சமன்பாடாக எழுதினால் அதன் படி 324 வரை போகும். எந்த மென்பொருளும் அதை அப்படியே வைத்துக்கொள்ளாது, எளிய வளைகோடாகத் தோராயப்படுத்தித்தான் வைக்கிறது. ஆக, ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு சிறு பிழை இயல்பாகவே உண்டு. அது எவ்வளவு சிறியது என்பதில்தான் நல்ல மாடலும் கெட்ட மாடலும் பிரிகின்றன.

கேள்வி: மூடிய இம்பெல்லர் (பம்பில் நீரைத் தள்ளும் சக்கரம்), 6 வேன் (இலை). பிளேடு டிசைன் மென்பொருளிலிருந்து வேனின் இரண்டு பக்கப் பரப்புகளும் ஹப் (பின்தட்டு), ஷ்ரவுடு (முன்தட்டு) பரப்புகளும் வருகின்றன. நிட் செய்தால் வேன் ஹப்பைத் தொடும் கோட்டில் எப்போதும் திறந்தே நிற்கிறது. பேட்டர்ன் ஷாப்புக்கு (வார்ப்பு மாதிரி செய்யும் பட்டறை) கோர் பாக்ஸும் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கான மணல் கோரைச் செய்யும் பெட்டி) கொடுக்க வேண்டும்.
– பம்ப் வடிவமைப்பாளர், கோவை

பதில்: வேன் ஹப் பரப்போடு சரியாக முடிகிறது, அதுதான் சிக்கலே. ஒரு பரப்பு இன்னொன்றைத் தொட்டு மட்டும் நின்றால், அந்தத் தொடுகோட்டில் சில இடங்களில் 0.003 மி.மீ. உள்ளேயும் சில இடங்களில் 0.004 மி.மீ. வெளியேயும் இருக்கும். எதைக் கொண்டு எதை வெட்டுவது என்று மென்பொருள் திணறுகிறது. சர்ஃபேஸ் வேலையில் நாங்கள் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி, பரப்புகள் ஒன்றையொன்று தெளிவாகக் கடந்து போக வேண்டும், பிறகு வெட்ட வேண்டும் என்பதுதான்.

உங்கள் இம்பெல்லரில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நிட்டில் மூட முயல வேண்டாம். ஒரே ஒரு வேனை எடுங்கள். ஹப் பக்கமும் ஷ்ரவுடு பக்கமும் 3 மி.மீ. நீட்டுங்கள். ஏற்றுமதியின்போதே நீட்டித் தரும் வசதி உங்கள் பிளேடு மென்பொருளில் இருந்தால் அதுவே சிறந்தது, ஏனென்றால் அது வேனின் திருகலைச் சரியாகத் தொடரும். இல்லையென்றால் எக்ஸ்டெண்ட் சர்ஃபேஸில் ‘சேம் சர்ஃபேஸ்’ தேர்வு செய்யுங்கள். மிக நீளமாக இழுத்தால் பரப்பு முறுக்கிக்கொள்ளும். ஹப் தடிமன் 5 மி.மீ.யாக இருக்கும்போது 8 மி.மீ. நீட்டினால் வேன் பின்பக்கம் எட்டிப் பார்க்கும். 3 மி.மீ. போதும்.

நீட்டிய இரு முனைகளையும் ஃபில்டு சர்ஃபேஸ் போட்டு மூடுங்கள். இந்த மூடிகள் அழகாக இருக்கத் தேவையில்லை, இரண்டுமே ஹப்புக்குள்ளும் ஷ்ரவுடுக்குள்ளும் புதைந்துபோகும். நீர் வெளியேறும் பக்கத்தில் வேனை இம்பெல்லர் வெளிவிட்டத்தைத் தாண்டி 2 மி.மீ. போகவிட்டு அங்கும் மூடுங்கள். நீர் நுழையும் பக்க முனைக்கு மட்டும் கவனம் தேவை. அந்தச் சிறு ஆரப் பரப்பு இரண்டு பக்கப் பரப்புகளோடும் டேஞ்சன்ட்டாகச் சேர வேண்டும். அங்கே மடிப்பு இருந்தால் பிறகு வேன் வேரில் (ஹப், ஷ்ரவுடைத் தொடும் இடத்தில்) ஃபில்லெட் ஏறாது.

இப்போது நிட் செய்தால் ஆறேழு பரப்புகள் மட்டுமே, உடனே சாலிட் ஆகும். ஹப்பையும் ஷ்ரவுடையும் குறுக்குவெட்டு ஸ்கெட்ச் வரைந்து ரிவால்வ் செய்து (அச்சைச் சுற்றிச் சுழற்றி) நேரடியாக சாலிடாகவே எடுங்கள், அவற்றுக்கு சர்ஃபேஸே வேண்டாம். வேன் சாலிடை 60 டிகிரி இடைவெளியில் 6 ஆகப் பேட்டர்ன் செய்து, கம்பைனில் ‘ஆட்’ கொடுங்கள். வெளிவிட்டத்தில் ஒரு ரிவால்வ்டு கட் போட்டால் வேன் முனைகள் சீராக முடிந்துவிடும். ஃபில்லெட் எல்லாவற்றுக்கும் கடைசி.

கோர் பாக்ஸுக்கு இதே வேன்கள் போதும். நீர்ப்பாதையின் முழு உருவத்தையும் ஒரு ரிவால்வ் சாலிடாக எடுத்து, அதிலிருந்து 6 வேன்களையும் கழித்தால் மிஞ்சுவது கோர். வேரில் போட்ட ஃபில்லெட் ஆரம் கோரிலும் அதே அளவில் வர வேண்டும், மறந்துவிடாதீர்கள். சுருக்க அளவை (உலோகம் ஆறும்போது சுருங்குவதற்கான கூடுதலை) முடிவான சாலிடில் மட்டும் ஸ்கேல் கட்டளையால் கொடுங்கள். சாம்பல் நிற வார்ப்பிரும்புக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 10 மி.மீ., அதாவது 1.01 மடங்கு. உங்கள் ஃபவுண்டரி வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

கேள்வி: ஹேர் டிரையர் உடல், லாஃப்ட் சர்ஃபேஸில் (குறுக்குவெட்டுகளை இணைத்து உருவாக்கும் பரப்பு) செய்தது. உள்பக்கமாக 2 மி.மீ. திக்கன் (பரப்புக்குத் தடிமன் தரும் கட்டளை) கொடுத்தால் பிழை. 1 மி.மீ. என்றால் வருகிறது. ஏன்?
– பொறியியல் மாணவி, சென்னை

பதில்: 1 மி.மீ. வந்து 2 மி.மீ. வரவில்லை என்றாலே காரணத்தை ஊகித்துவிடலாம். எங்கோ ஒரு வளைவின் ஆரம் 2 மி.மீ.க்குக் குறைவாக இருக்கிறது. வெளிப்பக்க வளைவு 1.5 மி.மீ. ஆரம் என்றால் உள்ளே 2 மி.மீ. நகர்த்தும்போது ஆரம் பூஜ்யத்தைத் தாண்டிவிடும், பரப்பு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். செக் கட்டளையில் குறைந்தபட்ச வளைவு ஆரத்தைக் கேட்டால் இடத்தையே சுட்டிக்காட்டும்.

அந்த வளைவு ஒரு ஃபில்லெட் என்றால், அதை டெலிட் ஃபேஸில் நீக்கிக் கூர்மூலையாக்கி, திக்கன் செய்து, பிறகு ஃபில்லெட் போடுங்கள். உள்ளே 1 மி.மீ., வெளியே 3 மி.மீ. என்று வைத்தால் சுவர் எங்கும் ஒரே 2 மி.மீ.யாக இருக்கும், பிளாஸ்டிக்கும் சீராகப் பாயும். 2 மி.மீ. சுவருக்கு 1.5 மி.மீ. வெளி ஆரம் என்பது டிசைனிலேயே திருத்த வேண்டியது.

ஃபில்லெட் இல்லை, லாஃப்ட் பரப்பிலேயே கோளாறு என்றால், மூக்குப் பகுதியைப் பாருங்கள். லாஃப்டை ஒரு புள்ளியில் முடித்திருக்கிறீர்களா? நான்கு பக்கப் பரப்பின் ஒரு பக்கம் சுருங்கிப் புள்ளியாகிவிட்டால் அங்கே செங்குத்துத் திசை எது என்று கணக்கிட முடியாது. திசை தெரியாமல் தடிமன் கொடுக்க முடியாது. பெரிதாக்கிப் பார்த்தால் ஐசோ கோடுகள் (பரப்பின் மேல் ஓடும் வலைக்கோடுகள்) எல்லாம் அந்தப் புள்ளியில் குவிவது தெரியும். புள்ளியைச் சுற்றி 4 அல்லது 5 மி.மீ. வட்டத்தை டிரிம் செய்து நீக்கி, அந்த ஓட்டையை ஃபில்டு சர்ஃபேஸ் போட்டு, விளிம்பில் ‘கர்வேச்சர்’ தொடர்ச்சி (வளைவும் தொடரும்படி) கொடுத்து அடையுங்கள். நிட் செய்து ஒரே உடலாக்கிய பிறகு திக்கன் போகும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திக்கன் உண்டாக்கும் ஓரச் சுவர் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும், மோல்டு திறக்கும் திசையில் நிற்காது. உங்கள் டிரையரின் இரண்டு பாதிகள் சேரும் இடம் அதனால் சாய்வாக வரும். பரப்பைப் பார்ட்டிங் கோட்டை (இரு பாதிகள் பிரியும் கோடு) தாண்டி 5 மி.மீ. கூடுதலாகச் செய்து, தடிமன் கொடுத்த பின் பார்ட்டிங் தளத்தால் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: சர்ஃபேஸை முழுவதும் மூடாமலே சாலிட் பெற வழி உண்டா?
– வாசகர், திருப்பெரும்புதூர்

பதில்: உண்டு. பலருக்கு இதுவே முதல் வழியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பார்ட்டைவிடப் பெரிய ஒரு சாலிட் கட்டையை எடுத்து, வளைந்த பரப்பால் அதை வெட்டிவிடுங்கள். சாலிட்வொர்க்ஸில் ‘கட் வித் சர்ஃபேஸ்’, என்எக்ஸில் ‘டிரிம் பாடி’, கேட்டியாவில் ‘ஸ்ப்ளிட்’, கிரியோவில் ‘சாலிடிஃபை’, ஃபியூஷனில் ‘ஸ்ப்ளிட் பாடி’. இதற்கு ஒரே நிபந்தனை, பரப்பு கட்டையின் எல்லா ஓரங்களையும் தாண்டிப் போக வேண்டும். ஓர் ஓரத்தில் உள்ளேயே நின்றுவிட்டால் வெட்டு முடியாது. மவுஸ், ரிமோட், கைப்பிடி போன்றவற்றில் மேற்பரப்பு ஒன்றுதான் சிக்கலானது, மற்ற ஐந்து பக்கங்களும் நேரானவை. அவற்றுக்காக ஆறு பரப்புகளைச் செய்து நிட் செய்வது வீண் வேலை.

கேள்வி: ரைனோ மென்பொருளில் மோதிரம் செய்தேன். ஜாயின் செய்தும் ‘ஓப்பன் பாலிசர்ஃபேஸ்’ (மூடாத பரப்புத் தொகுப்பு) என்றே சொல்கிறது. ஜாயின்எட்ஜ் (விளிம்புகளை ஒட்டும் கட்டளை) கொடுத்தால் மூடிவிடுகிறது, ஆனால் அச்சிடும் மென்பொருள் ஓட்டை என்கிறது.
– நகை வடிவமைப்பாளர், மதுரை

பதில்: இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்ன அதே நோய். ஜாயின்எட்ஜ் பரப்பை நகர்த்தாது, ஒட்டியதாகக் கணக்கில் எழுதிக்கொள்ளும். எஸ்டிஎல் (முக்கோணங்களால் ஆன அச்சு ஃபைல்) எடுக்கும்போது ஓட்டை திரும்பி வந்துவிடும்.

ஷோஎட்ஜஸ் கட்டளையில் ‘நேக்கட் எட்ஜஸ்’ தேர்ந்தெடுங்கள், திறந்த விளிம்புகள் நிறத்தில் தெரியும். அந்தப் பரப்புகளை எக்ஸ்ப்ளோட் செய்து பிரித்து, மேட்ச்எஸ்ஆர்எஃப் கொண்டு ஒன்றை மற்றதன் விளிம்புக்கு நகர்த்தி, மறுபடி ஜாயின் செய்யுங்கள். மேட்ச்எஸ்ஆர்எஃப் டிரிம் செய்யாத விளிம்பைத்தான் மாற்றும் என்பதை நினைவில் வையுங்கள். முன்பே ஜாயின்எட்ஜ் கொடுத்திருந்தால் அந்தப் பரப்புகளைப் பிரித்து ரீபில்ட்எட்ஜஸ் கொடுங்கள், விளிம்பு தன் பழைய இடத்துக்குத் திரும்பும். ஓட்டை சமதளமாக இருந்தால் கேப் (மூடி போடும் கட்டளை) போதும், வளைந்த ஓட்டையைக் கேப் மூடாது.

டாலரன்ஸை வேலை தொடங்கும் முன் வையுங்கள். நகைக்கு 0.001 மி.மீ. சரியானது. பாதியில் மாற்றினால் ஏற்கெனவே வெட்டிய விளிம்புகள் பழைய துல்லியத்திலேயே இருக்கும்.

கேள்வி: 3டி ஸ்கேன் எஸ்டிஎல்லை அப்படியே சாலிட் ஆக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: சில ஆயிரம் முக்கோணங்கள் வரை ஆக்கலாம். அதற்கு மேல் பயனில்லை. பைனரி எஸ்டிஎல்லில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். 10 எம்பி ஃபைல் என்றால் ஏறத்தாழ 2 லட்சம் முக்கோணங்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு பரப்பாகி, 3 லட்சம் விளிம்புகளோடு ஒரு சாலிட் வந்தால் கணினி நகராது, ஒரு துளையைக்கூட மாற்ற முடியாது.

துளை, தளம், உருளை போன்ற பகுதிகளை ஸ்கேனில் அளந்து புதிதாக வரைவதே வேகமான வழி. உண்மையில் வளைந்த பகுதிக்கு மட்டும், 2020இல் வந்த ரைனோ 7 முதல் உள்ள குவாட்ரீமெஷ் கொண்டு நாற்கர வலையாக்கி, சப்டி (வலையிலிருந்து பெறும் வழவழப்பான பரப்பு) ஆக்கி, அங்கிருந்து நர்ப்ஸாக (சமன்பாட்டால் வரையறுத்த பரப்பாக) மாற்றுங்கள். மெஷ் (வலை) முழுதும் மூடியிருந்தால் நர்ப்ஸும் மூடிய சாலிடாக வரும். கூர்விளிம்புகள் இதில் மழுங்கும் என்பதால் ஸ்கேனோடு ஒப்பிட்டு விலகலைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஃப்ரீகேடில் செய்ய முடியுமா? ஆட்டோகேடில்?
– பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

பதில்: இரண்டிலும் முடியும். ஃப்ரீகேடில் பார்ட் வொர்க்பெஞ்சுக்குப் போய் ஷேப் பில்டரைத் திறந்து, பரப்புகளைத் தேர்ந்து ‘ஷெல் ஃப்ரம் ஃபேசஸ்’ (பரப்புகளை ஒரே ஓடாக்குவது), பிறகு அந்த ஷெல்லைத் தேர்ந்து ‘சாலிட் ஃப்ரம் ஷெல்’. ஷெல் மூடாமல் இருந்தாலும் சில நேரம் சாலிட் என்ற பெயரில் ஒன்று உருவாகிவிடும், ஆகவே ‘செக் ஜியாமெட்ரி’ ஓட்டாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஆட்டோகேடில் 2011 பதிப்பு முதல் சர்ஃப்ஸ்கல்ப்ட் கட்டளை இருக்கிறது. பரப்புகள் ஒன்றையொன்று கடந்து ஓர் இடத்தை முழுதும் சூழ்ந்திருந்தால், வெளியே நீட்டியிருப்பதை அதுவே வெட்டிவிட்டு உள்ளே சாலிட் தரும். டிரிம் செய்து சரியாகப் பொருத்த வேண்டிய தேவை இல்லை. ஒரு திறந்த பரப்புக்குத் தடிமன் மட்டும் வேண்டுமென்றால் திக்கன்.